வலையுருவரையமும் வெட்டுண்ட ஒளியும்

காள் பியர்சன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1895 ஆம் ஆண்டு வெளிவந்த தமது கட்டுரையொன்றில், மீடிறன் பரம்பலைத் தூண்களாக நிறுத்திக் காட்டும் வரையத்துக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை எழுத்தில் வைத்தார். தமிழில் அது வலையுருவரையம் எனப்படும். பெருந்தொகையான அளவீடுகளின் பரம்பலை ஒரு நோக்கிற் காட்டப் பிறந்த அவ்வரையம், நூறாண்டு கழிந்தபின், இலக்கமுறைக் கமராவின் பின்திரையிலும் படந்திருத்தும் மென்பொருள்களின் மூலையிலும் இடம்பெற்றது. வகுப்பறையில் அதனைக் கற்கும் மாணாக்கன், “இஃது எதனை எண்ணியது?” என்று முதலில் வினவப் பழக்கப்படுகின்றான். ஒளிப்படக்காரரோ பெரும்பாலும் அவ்வினாவை எழுப்புவதில்லை. வரையத்தின் வலக்கோடியில் ஒரு தூண் எழுந்தால் அஞ்சுகின்றனர், எழாவிடின் ஆறுதலடைகின்றனர். அவ்வச்சத்துக்கும் ஆறுதலுக்கும் உரிய ஆதாரம் எத்துணை என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

படமொன்று பல இலட்சம் படப்புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் ஒளியளவு எண்ணாக உண்டு. அவ்வெண் 8 பிற்றினதாயின் 0 முதல் 255 வரை 256 வகுப்புக்கள் அமையும்; 0 கருமை, 255 வெண்மை. எவ்வகுப்பில் எத்தனை படப்புள்ளிகள் உள என எண்ணித் தூண்களாக நிறுத்திவிட்டால் வரையம் முற்றுப்பெற்றது. இடப்பக்கம் நிழற்பகுதிகளுக்கும் வலப்பக்கம் ஒளிர்பகுதிகளுக்கும் உரியன. இவ்வெண்ணிக்கையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தன் இடத்தை இழந்துவிடுகின்றது. ஒரு முகத்தின் படத்திலுள்ள படப்புள்ளிகள் யாவற்றையும் குலுக்கித் தாறுமாறாகப் பரப்பினும் வரையம் இம்மியும் மாறாது. கண்ணின் ஒளியும் காதணியின் ஒளியும் அதற்கு ஒன்றே.

வெட்டுண்ணல் என்பதை விளங்கிக்கொள்ள வகுப்பறையே போதும். ஒரு வினாத்தாளுக்கு வழங்கத்தக்க உச்சப் புள்ளி 100 எனவும், வினாத்தாள் மிக எளிதாய் அமைந்தமையால் பதின்மர் 100 பெற்றனர் எனவும் கொள்க. அப்பதின்மருள் இன்னுங் கடினமான வினாக்களுக்கு விடையிறுக்க வல்லவர் எவர், அவ்வளவில் நின்றுவிடுபவர் எவர் என்பதைப் புள்ளிப்பட்டியலைக் கொண்டு எவரும் கூற இயலாது. ஒளியுணரியில் நிகழ்வதும் இதுவே. உணரியின் ஒவ்வொரு கலமும் தன்மேல் விழும் ஒளிக்கேற்ப இலத்திரன்களைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறு கிணறு. கிணறு நிரம்பிவிட்டால், அல்லது அதனை எண்ணாக மாற்றும் சாதனம் தன் இறுதி எண்ணை எட்டிவிட்டால், அதற்குமேல் விழும் ஒளிக்கு எண் இல்லை. முகிலின் மடிப்பும் அம்முகிலின் ஓரத்துச் சுடரும் ஒரே எண்ணாகி ஒரு வெள்ளைத் தகடாய் முடிகின்றன. இதுவே ஒளிர்பகுதி வெட்டுண்ணல்.

இனி, மென்பொருளில் திறக்கப்படும் றோ கோப்பு யாது என்பது நோக்கத்தக்கது. அஃது உணரி தந்த எண்களின் பச்சைப் பதிவு, படமன்று. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் 1976 இல் உரிமம் பெற்ற முறைப்படி, உணரியின் கலங்களுள் அரைப்பங்கு பச்சை வடிகட்டியாலும், காற்பங்கு சிவப்பாலும், காற்பங்கு நீலத்தாலும் மூடப்பட்டுள்ளன. ஆதலால் ஒவ்வொரு கலமும் ஒரு நிறத்தை மட்டுமே அறியும். எண்களும் 8 பிற்றின அல்ல. 12 பிற்றாயின் 4096 படிநிலைகளும் 14 பிற்றாயின் 16,384 படிநிலைகளும் உண்டு. இவ்வெண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் அமைந்தவை. கண்ணுக்குகந்த படமாதற்குமுன் இவற்றின்மேல் பல வினைகள் நிகழவேண்டும்: இல்லாத நிறங்களை அயற்கலங்களைக் கொண்டு நிரப்புதல், வெண்மைச் சமன் செய்தல், தொனி வளையியாற் கருமை வெண்மைகளைப் பங்கிடுதல் என்பன அவற்றுட் சில.

இவ்விடத்திலேதான் மயக்கத்தின் வேர் உள்ளது. ஒரே காட்சிக்கு ஒன்றன்று, மூன்று வலையுருவரையங்கள் உள. முதலாவது, உணரி தந்த எண்களின் வரையம். இரண்டாவது, கமரா தானே சமைத்த ஜேபெக் படத்தின் வரையம். கமராவின் பின்திரையிற் காணப்படுவது இதுவே. றோ கோப்பாக மட்டும் படம் பதியப்படும்போதும் பெரும்பாலான கருவிகள் அக்கோப்பினுள் அடக்கிவைத்த ஜேபெக் படத்தையே எண்ணிக் காட்டுகின்றன. கமராவில் முரண்பொலிவைக் கூட்டினால், ஒளி ஒரு துளியும் மாறாதிருக்க, வரையம் இரு பக்கமும் விரிந்துவிடும். மூன்றாவது, மென்பொருள் தன் அப்போதைய அமைப்புக்களின்படி சமைத்துக் காட்டும் படத்தின் வரையம். அடோபியின் கமரா றோ என்னும் மென்பொருளில், படம் எந்நிற வெளிக்கு மாற்றப்படவேண்டும் எனத் தெரிகின்றோமோ அதற்கேற்ப வரையமும் மாறும். இம்மூன்றனுள் ஒளிப்படக்காரர் அன்றாடம் காண்பவை பின்னிரண்டே. இழப்பு நிகழ்ந்ததா என்பதற்குச் சான்று தரவல்லதோ முதலாவது மட்டுமே.

செவ்வரத்தம்பூ ஒன்றைப் படமெடுக்கும்போது நேர்வது இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு. பழைய கருவிகள் பலவும், இன்றும் சில கருவிகளின் சுருக்கத் திரையும், மூன்று நிறங்களையும் ஒன்றாக்கிய ஒரே ஒளிர்வு வரையத்தைக் காட்டுவன. அதனைக் கணிக்கும் வழக்கமான விதியில் சிவப்புக்கு 0.30, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்னும் நிறைகள் உள. பூவிதழின் சிவப்பு எண் 255 ஐ எட்டி முற்றும் வெட்டுண்டு, மற்றை இரண்டும் சுழியத்தில் நின்றால், ஒளிர்வு 0.30 × 255, அதாவது ஏறக்குறைய 76. வரையத்தில் அது நடுவிற்கும் இடப்புறத்தே வீழும். இதழின் நரம்புகள் யாவும் அழிந்து ஒரு சிவந்த தகடாய்விட்ட நிலையில், வரையமோ இன்னும் ஒளி போதாதென்று கூறுவதுபோல் நிற்கும்! மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டாத வரையத்தை நம்பிப் பூவையோ பட்டுச்சேலையையோ படமெடுத்தல் கூடாது.

லைற்ரூம் என்னும் மென்பொருள் 2007 இல் வெளிவந்தது. அதன் வரையத்தின் மேன்மூலைகளில் இரு சிறு முக்கோணங்கள் உள. வலமூலையிலுள்ளதை இயக்கினால், வெட்டுண்ட ஒளிர்பகுதிகள் சிவப்பாகவும், இடமூலையிலுள்ளதை இயக்கினால் மூழ்கிய நிழற்பகுதிகள் நீலமாகவும் படத்தின்மேற் பூசப்பட்டுத் தோன்றும். இஃது ஒருவகையில் வரையத்தினும் சிறந்தது. எண்ணிக்கை இழந்த இடத்தை இது மீட்டுத் தருகின்றது. எனினும் அது சோதிப்பது மூன்றாவது வரையத்துக்குரிய படத்தையே. ஒளியளவு நகர்த்தியை வலப்பக்கம் தள்ளினால், கோப்பில் யாதோர் இழப்பும் இல்லாதிருந்தும் முகிலெங்கும் சிவப்புப் பரவும். அதற்கு மறுதலையாக, கோப்பில் முற்றும் வெட்டுண்ட படம் ஒன்றை எடுத்து, தொனி வளையியின் மேல்நுனியைச் சற்றே கீழிறக்கினால், சிவப்பு ஒருங்கே மறைந்துவிடும். மறைந்தது எச்சரிக்கையேயன்றி இழப்பன்று. வெள்ளைத் தகடு சாம்பல் தகடாயிற்று, அவ்வளவே. நோயைத் தீர்க்காது சுரமானியின் இரசத்தை மட்டும் இறக்கிய மருத்துவனுக்கு இதனை ஒப்பிடலாம். சிவப்பு மறையும்வரை நகர்த்திகளை இழுப்பதே திருத்தம் என்று கற்பிக்கப்படும் மாணாக்கர், சுண்ணாம்பு நீர் தெளித்தாற்போன்ற முகில்களையே ஆக்குகின்றனர்.

அதே மென்பொருளின் முதற் பதிப்புக்களில் ‘மீட்பு’ என்னும் பொருள்படும் பெயருடைய நகர்த்தி ஒன்று இருந்தது. 2012 இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, ‘ஒளிர்பகுதி’ என்னும் நகர்த்தி அதன் வேலையை ஏற்றது. பெயர் மாறியது நன்றே. அந்நகர்த்தி செய்வனவற்றுள் பெரும்பகுதி மீட்பன்று. கோப்பில் இருந்தும் திரையில் நெருங்கி மறைந்திருந்த படிநிலைகளை விரித்துக் காட்டலே. இழக்கப்படாததை மீட்டதாகக் கூறுதல் பொருந்தாது. உண்மையில் இழக்கப்பட்டதைப்பற்றிய கதை வேறு. பகலொளியில் பெரும்பாலும் பச்சைக் கலங்களே முதலில் நிரம்பும். வெண்மைச் சமனுக்காகச் சிவப்பும் நீலமும் பின்னர்ப் பெருக்கப்படுகின்றன. பச்சை தன் உச்சமாகிய 1 இல் வெட்டுண்டு நிற்க, சிவப்பு 0.8 உம் நீலம் 0.9 உம் ஆயினவெனவும், அவற்றை முறையே 2 ஆலும் 1.5 ஆலும் பெருக்கவேண்டுமெனவும் கொண்டால், அவை 1.6, 1.35 ஆகும். அப்படியே விட்டால் முகில் செவ்வூதாவாகத் தோன்றும். ஆகவே மென்பொருள் யாவற்றையும் 1 இல் வெட்டி வெண்மையாக்குகின்றது. அல்லது, எஞ்சிய இரு நிறங்களைச் சான்றாகக் கொண்டு பச்சையின் அளவை ஊகிக்கின்றது. முகில், மதில், பருத்தித் துணி முதலிய நிறமற்ற பொருள்களில் இவ்வூகம் பெரிதும் பொருந்தும். மனிதத் தோலிலும் மாலை வானத்திலும் அது பிழைபடும்; நெற்றியின் வியர்வைப் பளபளப்பைச் சூழ உயிரற்ற சாம்பற் பூச்சுத் தோன்றும். மூன்று நிறங்களும் வெட்டுண்ட இடத்திலோ ஊகத்துக்கும் சான்றில்லை. அங்கே மென்பொருள் எதனை இட்டு நிரப்பினும் அது புனைவே. கல்வெட்டையோ காயத்தையோ ஆவணமாகப் படமெடுப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இல்லாத கீற்றொன்றை உண்டாக்கிய படம் சான்றாகாது.

இவ்விடயத்தில் கட்டற்ற மென்பொருள்கள் சில கூடிய நேர்மையுடையன எனலாம். டார்க்ரேபிள் என்பது உணரியின் எண்களையே சோதித்து வெட்டுண்ட கலங்களைக் காட்டும் குறிகாட்டியைத் தனியே வைத்துள்ளது. ஒளிர்பகுதிகளை ஊகித்து நிரப்பும் முறைகள் பலவற்றைப் பெயர்சுட்டி அடுக்கி, தெரிவைப் பயன்படுத்துவோரிடம் விடுகின்றது. றோதெரப்பி என்பது உணரியின் வலையுருவரையத்தைக் காட்டவல்லது. பயிலத் தொடங்குவோர்க்கு இவை இடர்ப்பாடானவை என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் எது பதிவு, எது சமையல் என்னும் பிரிவு இவற்றிற் புலப்படுகின்றது.

வலையுருவரையத்தைச் சார்ந்து எழுந்த கோட்பாடுகளுள் மிகப் பரந்தது ‘வலப்புறமாக ஒளிபடுத்துக’ என்பது. போட்டோஷொப்பை ஆக்கியோருள் ஒருவராகிய தோமஸ் நோல் உரையாடலிற் கூறியதை அடியொற்றி, கனடா நாட்டு ஒளிப்படக்கலைஞர் மைக்கேல் றைக்மன் 2003 இல் இதனை எழுதிப் பரப்பினார். ஒளி இருமடங்காகும் ஒவ்வோர் ஏற்றத்தையும் ஒரு படி என்பர். 12 பிற்றுக் கோப்பில் 4096 நிலைகளுள் மேற்படி ஒன்றே 2048 நிலைகளைக் கொள்ளும், அடுத்தது 1024, அதனடுத்தது 512. எனவே படத்தை வெட்டுண்ணாதவாறு இயன்றவரை வலப்பக்கம் தள்ளிப் பதிந்து, பின் மென்பொருளிற் கருமையாக்கினால் நிலைகள் மிகும் என்பது வாதம். முடிபு பயனுள்ளது, காரணம் தவறானது. சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் எமில் மார்ட்டினெக் இதனைப் பின்னர்த் தெளிவாக்கினார். ஒளி போட்டன்களாக வருவது. அவற்றின் வரவு மழைத்துளியின் வரவுபோல் ஒழுங்கற்றது. N போட்டன்கள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஏற்றத்தாழ்வு N இன் வர்க்கமூலமளவு இருக்கும். 40,000 இலத்திரன் கொள்ளும் கிணற்றை 4096 நிலைகளாகப் பகுத்தால் நிலை ஒன்றுக்கு ஏறக்குறைய 10 இலத்திரன். நிரம்பிய கிணற்றிலோ இயற்கையான ஏற்றத்தாழ்வு 200 இலத்திரன், அதாவது 20 நிலை. இரைச்சலே 20 நிலைக்குப் பரந்திருக்க, அங்கு நிலைகள் 2048 இருந்தென்ன, அதில் அரைவாசி இருந்தென்ன? உண்மைப் பயன் வேறிடத்தது. 2,500 போட்டன்களைச் சேர்த்த இடத்தில் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 50. 10,000 சேர்த்தால் 100. கூடிய ஒளியைச் சேர்த்தலே நன்மை தருவது. ஐ.எஸ்.ஓ. எண்ணை மட்டும் உயர்த்தி வரையத்தை வலப்பக்கம் தள்ளுவோர் ஒரு போட்டனையும் மேலதிகமாகச் சேர்ப்பதில்லை. வெட்டுண்ணலுக்குரிய இடைவெளியையே வீணே குறைத்துக்கொள்கின்றனர். தவறான காரணத்தாற் கற்பிக்கப்பட்ட விதி இவ்வாறு தவறான இடத்திற் கையாளப்படுதல் இயல்பே.

வெட்டுண்ணலை அஞ்சுதல் இலக்கமுறைக்கே உரிய நோய் என்று கருதுவோர் உளர். படச்சுருளின் நடத்தை வேறென்பது மெய். ஹேர்ட்டர், டிறிபீல்ட் என்னும் இருவர் 1890 இல் வெளியிட்ட ஆய்விலே, ஒளி கூடக்கூட எதிர்ப்படத்தின் கருமை எவ்வாறு வளர்கின்றது என்பதை ஒரு வளையியாற் காட்டினர். அதன் மேற்புறம் தோள்போல் மெல்லச் சரிகின்றது. உணரியோ மதிற்சுவர்போல் அங்கேயே நின்றுவிடுகின்றது. எனவே எதிர்ப்படத்தில் நிழலைக் காக்கக் கருதியோர், உணரியில் ஒளிர்பகுதியைக் காக்கவேண்டியவராயினர். ஆனால் எவ்வொளி காக்கப்படவேண்டியது என்னும் வினா இரு காலத்துக்கும் பொதுவானது. அதற்கு விடைகாண, அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் அன்சல் அடம்ஸின் ‘சந்திரோதயம், ஹெர்னாண்டெஸ்’ என்னும் படத்தினும் சிறந்த களம் இல்லை.

நியூ மெக்சிக்கோவில் ஹெர்னாண்டெஸ் என்னும் சிற்றூரின் அருகே மாலையில் அடம்ஸ் தமது வண்டியை நிறுத்தினார். நாளை அவர் குறித்துவைத்தாரில்லை. சந்திரனின் நிலையைக் கொண்டு பின்னர்க் கணிக்கப்பட்ட நாள் 1941 நவம்பர் 1. கல்லறைச் சிலுவைகளில் இறுதி வெயில் பட்டுக்கொண்டிருக்க, கிழக்கே சந்திரன் எழுந்துநின்றது. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. ஆயின் சந்திரனின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி வலு என்பது அவர் நினைவில் இருந்தது. 1940 ஐ அடுத்த காலத்தில் பிறெட் ஆச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த வலய முறையில், கருமை முதல் வெண்மை வரையுள்ள தொனிகள் படிக்கொன்றாக வலயங்களாக்கப்பட்டன. ஐந்தாம் வலயம் நடுச்சாம்பல். சந்திரனை அவர் ஏழாம் வலயத்தில், அஃதாவது வெண்மையாயினும் அதன் தழும்புகள் புலப்படும் இடத்தில், வைத்தார். இரு படி கீழிறங்கினால் ஐந்தாம் வலயத்துக்கு ஏறக்குறைய 60 கிடைக்கும். பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே துளையெண் 8 இல் ஒளிபடுத்தும் நேரம் 1/60 செக்கன். வடிகட்டிக்காக மும்மடங்காக்க 1/20. துளையெண் 32 க்குச் சுருக்குகையில் 16 மடங்காகி, அது ஏறக்குறைய ஒரு செக்கன் ஆயிற்று. முன்னிலத்துக்கு என்ன நேரும் என்பதை அவர் அளக்கவில்லை. அது மங்கிப் பதிந்தது. 1948 இல் எதிர்ப்படத்தின் அப்பகுதியை இரசாயன முறையால் வலுப்படுத்தினார்.

இப்படத்தை 240 இலட்சம் படப்புள்ளிகளாக்கி வலையுருவரையம் வரைந்தால் அது யாது கூறும்? அச்சுப்படத்தில் வானத்தின் மேற்பகுதி ஏறக்குறையக் கருமை. ஆதலால் இடக்கோடியில் ஒரு மலை எழும். சந்திரன் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. அதன் படப்புள்ளிகள் 24,000 க்குக் குறைவு. அவை முப்பது வகுப்புக்களிற் பரந்தால் வகுப்புக்கு 800 க்கு மேற்படா. வானத்தின் வகுப்பொன்றில் ஐந்து இலட்சம் படப்புள்ளிகள் இருக்குமாயின், நூறு கோட்டு உயரமுள்ள வரையத்தில் சந்திரனின் தூண் ஒரு கோட்டின் ஆறிலொரு பங்கும் எழாது. எப்பொருளைக் கருதி ஒளிபடுத்தல் கணிக்கப்பட்டதோ, அது வரையத்தில் இல்லை. “மலை நடுவில் நிற்கவேண்டும்” என்போரின் விதிப்படி இப்படம் குறையுடையது. அவ்விதிக்கிணங்கி ஒளியைக் கூட்டினால், உணரியில் நடுச்சாம்பலுக்கு மேல் உச்சம்வரை ஏறக்குறைய மூன்று படிகளே உண்டாதலின், ஏழாம் வலயத்துச் சந்திரனுக்கு எஞ்சும் இடம் ஒரு படி மட்டுமே. இரு படி கூட்டியதும் சந்திரன் ஒரு வெள்ளைப் பொட்டாகிவிடும். அப்போதும் வரையத்தின் வலக்கோடியில் கண்ணுக்குப் புலப்படும் தூண் எழாது. அடம்ஸின் முறை பொருளை முதலிற் பெயர்சொல்லி அழைத்து அதற்கு ஒரு தொனியை வழங்குகின்றது. வரையம் பொருளறியாது தொனிகளை எண்ணுகின்றது. மென்பொருளில் ஆல்ட் சாவியை அழுத்தி ஒளியளவு நகர்த்தியை அசைத்தால் திரை கருத்து, வெட்டுண்ட இடங்கள் மட்டும் மின்னும். அடம்ஸின் முறைக்கு அணித்தாய கருவி வரையமன்று, இதுவே.

இனி, யாவும் காக்கப்படவேண்டியன அல்ல. நீர்த்திரையின் மினுக்கம், கண்ணாடி விளிம்பிற் சூரியனின் பிம்பம், எரியும் விளக்கின் இழை ஆகியவற்றில் காண்டற்குரிய விவரம் எதுவும் இல்லை. அவற்றைச் சாம்பலாக்கிய படத்தில் ஈரம் ஈரமாயிராது, உலோகம் ஈயமாகிவிடும். இவற்றை வெட்டுண்ண விடுதலே முறை. எனினும் விளிம்பைக் கவனித்தல் வேண்டும். மாலைச் சூரியனைச் சுற்றியுள்ள வானத்தில், வெளியிருந்து உள்நோக்கி வருகையில், சிவப்பு முதலில் வெட்டுண்ணும், சற்று உள்ளே பச்சை, இறுதியில் நீலம். ஆதலால் செம்மஞ்சள் வானத்துக்கும் வெள்ளை வட்டத்துக்கும் இடையே, இயற்கையில் இல்லாத ஒரு மஞ்சள் வளையம் தெளிந்த கரையுடன் தோன்றும். வரையத்தில் இதனை அறிதற்கு வழியில்லை. படத்தை முழு அளவிற்குப் பெருக்கி, வளையத்தின் கரை வானத்தோடு கலந்து தேய்கின்றதா, தட்டில் வெட்டிய தகரம்போல் நிற்கின்றதா என்று பார்த்து, நிற்குமாயின் மறுநாள் மாலை ஒரு படி குறைத்து எடுத்தலே செய்யத்தக்கது.